லண்டன் தொடர்மாடி வீட்டின் லீஸ்: எண்பது ஆண்டுக் கோட்டைக் கடக்க முன்னர்

ஹரோவில் வசிக்கும் வடமராட்சிக்காரர் ஒருவர் 2025இன் தொடக்கத்தில் தன்னுடைய இரண்டு படுக்கையறைத் தொடர்மாடி வீட்டை விற்க முடிவெடுத்தார். பிள்ளைகள் இருவரும் கலியாணம் முடித்துப் போய்விட்டார்கள். வங்கிக்கடன் முழுவதும் கட்டி முடிந்திருந்தது. வீட்டை விற்ற காசில் ஊரில் தகப்பனாரின் கல்வீட்டைத் திருத்திக்கொண்டு, ஆண்டில் பாதியை அங்கே கழிக்கலாம் என்பது அவருடைய கணக்கு. விலை பேச ஆள் வந்தது, விலையும் பொருந்தியது. மூன்று வாரம் கழித்து, வாங்க வந்தவரின் வங்கி கடன் தர மறுத்துவிட்டது என்று முகவர் சொன்னார். காரணம், லீஸில் 58 ஆண்டுகள் மட்டுமே மீதம் இருந்தது.

அவர் அந்த வீட்டை வாங்கியது 1998இல். லீஸ் எழுதப்பட்டது 1984இல், 99 ஆண்டுகளுக்கு. வாங்கும்போது 85 ஆண்டுகள் மீதம் இருந்தன. அன்றைக்கு அது பெரிய எண்ணாகத் தெரிந்ததென்றும், தன் ஆயுளுக்கும் பிள்ளைகளின் ஆயுளுக்கும் போதும் என்று நினைத்ததாகவும் சொன்னார். இரவு வேலையாக எரிபொருள் நிலையத்தில் நின்று இருபத்தைந்து ஆண்டுகள் கட்டிய வீடு அது. அதன் அடியில் இருக்கும் நிலமும் அதன் சுவரும் கூரையும் சட்டப்படி வேறொருவருடையவை என்பதை அவர் காகிதத்தில் வாசித்திருந்தார். அதன் பொருள் மட்டும் 27 ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது.

இவர் தனியாள் அல்ல. ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், இல்போட், ரூட்டிங், குரொய்டன் என்று நம்மவர்கள் செறிந்து வாழும் இடங்களில், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அகதிகளாக வந்தவர்கள் முதலில் வாங்கக்கூடியதாக இருந்தது இப்படிப்பட்ட தொடர்மாடி வீடுகளைத்தான். அவற்றில் பல 1970களிலும் 80களிலும் 99 ஆண்டு லீஸில் விற்கப்பட்டவை. அந்தத் தலைமுறை இப்போது ஓய்வு பெறுகிறது. வீட்டை விற்க, அல்லது பிள்ளைகளுக்கு எழுதிவைக்க எடுத்துப் பார்க்கும்போதுதான் ஆண்டுக்கணக்கு வெளியே வருகிறது.

வீடு உங்களுடையது, நிலம் அவருடையது

நமக்கு இது குழப்பமாக இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. இலங்கையில் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டம், மாடியில் இருக்கும் ஒரு வீட்டைத் தனி ஆதனமாகவே உறுதி எழுதி விற்க இடம் தருகிறது. வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் வீடு வாங்கியவர் கையில் உறுதி இருக்கும். கட்டடத்தின் பொதுப் பகுதிகளிலும் அவருக்குப் பங்கு உண்டு. அதே நினைப்போடுதான் நாம் லண்டனில் வீடு வாங்குகிறோம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொடர்மாடி வீடு என்றால் கிட்டத்தட்ட எப்போதும் லீஸ்தான். (ஸ்கொட்லாந்தின் நிலச் சட்டம் வேறு. அங்கே இந்தச் சிக்கல் இல்லை.) நீங்கள் விலை கொடுத்து வாங்குவது, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அந்த வீட்டை வைத்திருக்கும் உரிமையை. கட்டடமும் நிலமும் பிரீஹோல்டர் என்று சொல்லப்படும் நில உரிமையாளருக்குச் சொந்தம். ஆண்டுதோறும் அவருக்கு நில வாடகை கட்டுவீர்கள். அந்த ஆண்டுகள் முடியும் நாளில் வீடு அவரிடம் திரும்பிப் போகும். அங்கேயே குடியிருப்பவரைச் சட்டம் உடனே தெருவில் விடாது, ஆனால் அதன் பிறகு அவர் சந்தை வாடகை கொடுக்கும் வாடகைக் குடியிருப்பாளர். கட்டிய விலை முழுவதும் கரைந்துபோயிருக்கும்.

வன்னியில் இருக்கும் வாசகருக்கு அனுமதிப்பத்திரக் காணியை வைத்துச் சொன்னால் பாதி விளங்கும். வீடு கட்டலாம், மரம் நடலாம், தலைமுறையாக இருக்கலாம். ஆனால் விற்கப் போனால் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும், ஏனென்றால் நிலம் அரசுடையது. மீதிப் பாதி வேறு மாதிரி: லண்டன் லீஸை யாரிடமும் கேட்காமல் பெரும்பாலும் விற்கலாம், ஆனால் அது ஒவ்வொரு நாளும் தேய்கிறது.

கவுன்சில் வீட்டை வாங்கியவர்கள் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். 1980ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம் தந்த உரிமையில் கவுன்சில் தொடர்மாடி வீடுகளை வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் 125 ஆண்டு லீஸ் கிடைத்தது. 1985இல் தொடங்கிய 125 ஆண்டு லீஸில் 2025இல் 85 ஆண்டுகள் மீதம். 2030இல் அது 80 ஆகும். இன்னொன்றையும் பாருங்கள்: நீங்கள் 2003இல் வாங்கியிருந்தாலும், உங்கள் லீஸின் ஆண்டுக்கணக்கு அந்தக் கட்டடத்தில் முதல் வீடு விற்கப்பட்ட நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கக்கூடும். வாங்கிய ஆண்டை வைத்து மனக்கணக்குப் போடாமல் லீஸை எடுத்துத் தொடக்க நாளைப் பாருங்கள்.

எண்பது என்ற எண்

லீஸை நீடிக்கும் உரிமையைத் தந்தது 1993ஆம் ஆண்டுச் சட்டம். தகுதியுள்ள தொடர்மாடி வீட்டுக்காரர் கேட்டால், மீதமிருக்கும் ஆண்டுகளுக்கு மேல் இன்னும் 90 ஆண்டுகளை நில உரிமையாளர் தந்தே ஆகவேண்டும். நில வாடகை அன்றோடு ஒழியும். சட்ட மொழியில் அந்தப் புதிய வாடகை ஒரு மிளகு. உண்மையாகவே அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஒரு காலத்தில் நம் பக்கக் கடல்களிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றிப்போன மிளகு, பெறுமதியே இல்லாத ஒன்றுக்கு ஆங்கிலச் சட்டத்தில் பெயராகியிருக்கிறது.

நிலப் பிரபுக்கள் இதை இலேசாக விட்டுவிடவில்லை. லண்டனின் மேற்கில் பெருநிலம் வைத்திருந்த அன்றைய வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன், இந்தச் சட்டத்தை எதிர்த்து 1993இல் கொன்சர்வேட்டிவ் கட்சியிலிருந்தே விலகினார். அதற்கு முன்பு, தனிவீட்டுக் குத்தகைக்காரருக்கு உரிமை தந்த 1967ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து அவருடைய குடும்பத்தின் நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போய், 1986இல் தோற்றார்கள். மனித உரிமை என்ற சொல்லை நாம் வேறு பொருளில் கேட்டுப் பழகியவர்கள். ஸ்ட்ராஸ்பேர்க்கில் அது பெருநில உரிமையாளரின் ஆதனத்தைக் காக்கவும் நீட்டப்பட்டிருக்கிறது.

நீடிப்பு இலவசம் அல்ல, ஒரு தொகை கட்டவேண்டும். அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதுதான் இந்த விடயத்தின் நெஞ்சுப் பகுதி. நில உரிமையாளருக்கு இரண்டு இழப்புகள் வருகின்றன. ஒன்று, மீதி ஆண்டுகளுக்கு வரவேண்டிய நில வாடகை. மற்றது, லீஸ் முடியும்போது திரும்பக் கிடைத்திருக்க வேண்டிய வீடு இன்னும் 90 ஆண்டுகள் தள்ளிப்போவது. பல பத்தாண்டுகள் கழித்துக் கிடைக்கும் வீட்டின் இன்றைய பெறுமதியைக் காண, ஆண்டுக்கு 5 வீதம் என்ற கழிவு வீதத்தைத் தொடர்மாடி வீடுகளுக்குப் பொதுவாக எடுக்கிறார்கள். 2006இல் ஒரு தீர்ப்பாயம் நிர்ணயித்த வீதம் அது.

மீதம் 80 ஆண்டு அல்லது அதற்குக் குறைவானால் மூன்றாவதாக ஒன்று சேர்கிறது. ஆங்கிலத்தில் அதை மேரேஜ் வல்யூ, அதாவது மணப் பெறுமதி என்கிறார்கள். குறுகிய லீஸும் நில உரிமையும் தனித்தனியே இருக்கும்போது உள்ள பெறுமதியைவிட, நீண்ட லீஸாகச் சேர்ந்த பிறகு வீட்டின் பெறுமதி கூடுகிறது. அந்தக் கூடுதலில் பாதியை நில உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கலியாணம் என்றதும் சீதனம் கேட்கும் வழக்கம் நமக்குத்தான் உண்டு என்று நினைத்திருந்தேன்.

எண்ணில் பார்ப்போம். நீண்ட லீஸுடன் 300,000 பவுண் பெறும் வீடு, நில வாடகை ஆண்டுக்கு 100 பவுண் என்று வைத்துக்கொள்வோம். வாடகை இழப்பை 6 வீதத்தில் கணக்கிட்டால், 81 ஆண்டுகள் மீதமிருக்கும்போது கட்டவேண்டிய தொகை ஏறக்குறைய 7,300 பவுண். இரண்டே ஆண்டுகள் தாமதித்து 79 ஆன பிறகு கேட்டால், குறுகிய லீஸின் பெறுமதி நீண்டதன் 90 வீதம் என்று எடுத்தால்கூட, தொகை 19,000 பவுணை நெருங்கும். ஹரோக்காரரைப் போல 58 ஆண்டுகள் மட்டும் மீதம் இருந்தால், குறுகிய லீஸின் பெறுமதி 77 வீதம் என்ற எடுகோளில் 44,000 பவுணைத் தாண்டும். இந்த 90, 77 என்ற வீதங்கள் நான் விளக்கத்துக்காக எடுத்தவை. உண்மை வழக்கில் இரு தரப்பு மதிப்பீட்டாளர்களும் அதிகம் மல்லுக்கட்டுவது இந்த வீதத்தின் மேல்தான். ஆனால் கோட்டின் இரு பக்கத்துக்கும் உள்ள தூரம் இப்படித்தான் இருக்கும்.

வங்கிகளும் தங்கள் பக்கத்தில் ஒரு கோடு போட்டிருக்கின்றன. வங்கிக்கு வங்கி எண் மாறும், ஆனால் 70 ஆண்டுகளுக்குக் கீழே இறங்கினால் கடன் தர மறுக்கும் வங்கிகள் பல. கடன் கிடைக்காத வீட்டை வாங்கக் கையில் முழுக்காசு வைத்திருப்பவர் மட்டுமே வருவார், அவர் கேட்கும் விலையும் அதற்கேற்பவே இருக்கும். ஹரோக்காரருக்கும் அப்படி ஒருவர் வந்தார்.

தபாலில் வரும் கடிதம்

பல வீடுகளுக்கு நில உரிமையாளரின் நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வருவதுண்டு. உங்கள் லீஸை 125 ஆண்டுகளாக்கித் தருகிறோம், இவ்வளவு தொகை, இத்தனை கிழமைக்குள் பதில் தாருங்கள், சட்டத்தரணிச் செலவு குறையும் என்ற மாதிரி. சட்டவழியில் போகாத, இரு தரப்பும் பேசி முடிக்கும் நீடிப்பு இது. சில வேளைகளில் நல்ல பேரமாகவும் இருக்கும், விரைவாகவும் முடியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 58 ஆண்டுகள் மீதமுள்ள லீஸை 125 ஆக்கினால் கிடைப்பது 67 ஆண்டுகள். சட்டவழியில் போனால் 90 சேர்ந்து 148 ஆகும்.

நில வாடகையிலும் வேறுபாடு உண்டு. சட்டவழியில் அது உடனே ஒழிகிறது. பேசி முடிக்கும் நீடிப்பில், 2022 ஜூன் 30 முதல் நடைமுறையில் உள்ள நில வாடகைச் சட்டத்தின்படி, புதிதாகச் சேரும் ஆண்டுகளுக்கு வாடகை கேட்க முடியாது. ஆனால் பழைய லீஸின் மீதி ஆண்டுகளுக்குப் பழைய வாடகையைத் தொடர இடம் இருக்கிறது. அந்தச் சட்டம் வருமுன்னர் இப்படி நீடித்தவர்கள் சிலர், பத்து ஆண்டுக்கு ஒருமுறை வாடகை இரட்டிப்பாகும் வாசகத்தில் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். 250 பவுணில் தொடங்கினால் ஐம்பது ஆண்டில் அது 8,000 பவுண். அவ்வாறான லீஸைச் சந்தையில் விற்பது, ஆண்டு குறைந்த லீஸை விற்பதைப் போலவே கடினம். ஏற்கனவே ஒருமுறை நீடித்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்களும் அந்தப் பத்திரத்தை எடுத்து வாடகைப் பகுதியை வாசிப்பது நல்லது.

கடிதம் வந்தால் பதறவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். அதில் உள்ள தொகையை ஒரு மதிப்பீட்டாளரிடம் காட்டி, சட்டவழித் தொகையோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்.

சட்டவழி எப்படி ஓடும்

அடிப்படைத் தகுதி எளிது. லீஸ் முதலில் எழுதப்பட்டபோது 21 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக இருந்திருக்க வேண்டும். வீட்டில் நீங்களே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, வாடகைக்குக் கொடுத்திருந்தாலும் உரிமை உண்டு. முன்பு இரண்டு ஆண்டுகள் உங்கள் பெயரில் பதிவாகி இருந்திருக்க வேண்டும். அந்த விதி 2025 ஜனவரி 31 அன்று நீக்கப்பட்டது. பெற்றோர் இறந்து வீடு தங்கள் பெயருக்கு மாறிய பிள்ளைகள் இரண்டு ஆண்டு காத்திருந்து, அதற்குள் எண்பதைக் கடந்துபோன கதைகள் இனி இருக்காது.

முதல் படி, 42ஆம் பிரிவு அறிவித்தல் எனப்படும் கடிதம். யாருக்கு அனுப்புவது என்பதே சில கட்டடங்களில் சிக்கல், ஏனென்றால் நில உரிமையாளருக்கும் உங்களுக்கும் நடுவில் இன்னொரு குத்தகைக்காரர் இருக்கலாம். நீங்கள் கொடுக்க முன்வரும் தொகையும் அதில் இருக்க வேண்டும். பேரத்துக்குத் தாழ்த்திச் சொல்லலாம், ஆனால் நடைமுறைக்கு ஒவ்வாத அடிமாட்டு விலை போட்டால் அறிவித்தலே செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அதற்கு முன்பே மதிப்பீடு எடுத்திருக்க வேண்டும். முன்பு வீட்டுக்காரரே கைப்படக் கையெழுத்திட வேண்டியிருந்தது. 2014இல் அந்த விதி தளர்ந்து, அவர் சார்பில் சட்டத்தரணி ஒப்பமிடலாம் என்றாயிற்று. ஆறு மாதம் ஊரில் நிற்பவர்களுக்கு இது பெரிய உதவி.

அறிவித்தல் கொடுத்த நாளே கணக்குக்குரிய நாள். அதன் பின் பேச்சு எத்தனை மாதம் இழுத்தாலும் ஆண்டு எண்ணிக்கை அந்த நாளில் உறைந்து நிற்கும். எண்பதுக்குச் சில கிழமைகளே இருப்பவர் செய்ய வேண்டியது, பேரத்தை முடிப்பதல்ல, அறிவித்தலை உரிய முறையில் சேர்ப்பிப்பது.

நில உரிமையாளர் பதில் அறிவித்தல் தர குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். இடையில் அவர் வீட்டைப் பார்வையிட ஆளனுப்பலாம். நீங்கள் சொன்ன தொகையில் 10 வீதம் அல்லது 250 பவுண், இதில் எது கூடவோ அதை வைப்பாகக் கேட்கலாம். அவர் உரிய நாளுக்குள் பதில் தராமல் விட்டால், நீங்கள் ஆறு மாதத்துக்குள் கவுண்டி நீதிமன்றம் போய் உங்கள் அறிவித்தலில் கேட்டபடியே பெறலாம். நில உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியாத கட்டடங்களுக்கும் கவுண்டி நீதிமன்றத்தில் வழி இருக்கிறது.

பதில் வந்தபின் தொகையில் இணங்காவிட்டால், இரண்டு மாதம் கழித்தும் ஆறு மாதம் முடியும் முன்னரும் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்த ஆறு மாதத்தைத் தவறவிடுவதுதான் நான் கேட்ட கதைகளில் மிகவும் வலிக்கிற ஒன்று. தவறினால் அறிவித்தலைத் திரும்பப் பெற்றதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அடுத்த 12 மாதங்களுக்குப் புதிய அறிவித்தல் கொடுக்க முடியாது. அதுவரை நில உரிமையாளருக்கு ஆன செலவும் உங்கள் தலையில். தொகை இணங்கிய பின்னும் கடிகாரம் நிற்பதில்லை. இரண்டு மாதத்துக்குள் புதிய லீஸ் எழுதி முடியாவிட்டால், அடுத்த இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றம் போகவேண்டும், இல்லையேல் அதே கதிதான்.

செலவைப் பொறுத்தவரை, தொகைக்கு மேல் உங்கள் சட்டத்தரணி, உங்கள் மதிப்பீட்டாளர் ஆகியோருடன் நில உரிமையாளரின் நியாயமான சட்ட, மதிப்பீட்டுச் செலவையும் இன்றைய சட்டப்படி நீங்களே கட்டவேண்டும். தீர்ப்பாயத்தில் வாதாட அவருக்கு ஆகும் செலவு மட்டும் பொதுவாக உங்களைச் சேராது.

வீடு வாங்கும்போது வேலை பார்த்த அதே சட்டத்தரணியிடம், தமிழ் பேசுவார் என்பதற்காக மட்டும் இதைக் கொடுக்காதீர்கள். இது தனித்துறை. முன்பு எத்தனை 42ஆம் பிரிவு அறிவித்தல்கள் கொடுத்திருக்கிறார், தீர்ப்பாயம் போயிருக்கிறாரா என்று நேரே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. அலெப் என்ற சுருக்கப்பெயரில் இத்துறைச் சட்டத்தரணிகளுக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும் ஒரு சங்கம் இருக்கிறது, உறுப்பினரா என்று பார்க்கலாம். அரச நிதியில் இயங்கும் லீஸ்ஹோல்ட் ஆலோசனைச் சேவை காசில்லாமல் வழிகாட்டும். தொகையை உத்தேசமாக அறியும் கணிப்பானும் அதன் தளத்தில் உண்டு.

புதிய சட்டம் வரும்வரை பொறுப்பதா?

2024 மே 24 அன்று புதிய லீஸ் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. அது முழுமையாக நடைமுறைக்கு வந்தால், நீடிப்பு 90 அல்ல, 990 ஆண்டுகள். மணப் பெறுமதி இல்லாது போகும். நில உரிமையாளரின் செலவையும் பெரும்பாலும் நீங்கள் கட்டத் தேவையில்லை. இரண்டு ஆண்டுக் காத்திருப்பு நீங்கியது இதே சட்டத்தால்தான். ஆனால் தொகையைக் குறைக்கும் பகுதிகள் 2025இன் இறுதியில் இக்கட்டுரை எழுதப்படும்வரை நடைமுறைக்கு வரவில்லை. நில உரிமை நிறுவனங்கள் இதையும் மனித உரிமை அடிப்படையில் எதிர்த்து வழக்குப் போட்டன. 2025 ஒக்டோபர் 24 அன்று லண்டன் உயர் நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்தது. நல்ல செய்திதான், ஆயினும் தொகையைக் கணக்கிடும் கழிவு வீதங்களை அரசு இன்னும் நிர்ணயிக்க வேண்டும். அந்த வீதம் 5ஐவிடக் குறைவாக வைக்கப்பட்டால், எண்பதுக்கு மேலே உள்ளவர்களுக்குத் தொகை கூடவும் செய்யலாம்.

என் பார்வையில், மீதம் 80க்கும் 83க்கும் இடையில் உள்ளவர் பொறுப்பது வீண் சூதாட்டம். தொண்ணூறுக்கு மேல் உள்ளவர் பதறத் தேவையில்லை. ஏற்கனவே எண்பதுக்குக் கீழே போய்விட்டவருக்குத்தான் உண்மையான இக்கட்டு. விற்கும் அவசரமோ, கடனை மாற்றும் தேவையோ இல்லாவிட்டால், மணப் பெறுமதி ஒழியும்வரை பொறுப்பதில் நியாயம் உண்டு. விற்றே ஆகவேண்டும் என்றால், வராத சட்டத்தை நம்பி வாங்குபவர் விலை தரமாட்டார். அப்படிப்பட்டவருக்கு இன்னொரு வழி இருக்கிறது: அறிவித்தலை நீங்கள் கொடுத்துவிட்டு, அதன் உரிமையையும் வீட்டோடு சேர்த்து வாங்குபவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். இருவரின் சட்டத்தரணிகளும் இதை ஒரே நேரத்தில், சரியான வாசகத்தில் செய்யவேண்டும்.

பெயர் யாருடையது

கடைசியாக, நம்மவர்களிடம் மட்டும் அடிக்கடி கேட்கும் ஒரு சிக்கல். வதிவிட அனுமதி கிடைக்காத காலத்தில் காசைக் கொடுத்தவர் ஒருவர், வீட்டைப் பதிந்தது மச்சான் பெயரில் அல்லது ஒன்றுவிட்ட அண்ணர் பெயரில். கடன் கிடைப்பதற்காக இருவர் பெயரைச் சேர்த்தவர்களும் உண்டு. அந்த இரண்டாமவர் பிறகு கனடா போய்விட்டார், அல்லது பேச்சுவார்த்தை இல்லை, அல்லது இறந்துவிட்டார். லீஸ் நீடிப்பைக் கேட்கும் உரிமை நிலப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு. காசு கட்டியவர் யார், இருபது ஆண்டாகக் குடியிருப்பவர் யார் என்று சட்டம் அந்த இடத்தில் கேட்காது. பெயர்ச் சிக்கலைத் தீர்க்க ஓர் ஆண்டு எடுக்கலாம், அந்த ஓர் ஆண்டில் எண்பது 79 ஆகலாம். உறவு நன்றாக இருக்கும்போதே இதைப் பேசி முடிப்பது, உறவுக்கும் நல்லது.

பதிவேட்டின் பிரதியை இணையத்தில் அரச நிலப் பதிவகத் தளத்திலேயே 7 பவுணுக்கு எடுக்கலாம். அதில் லீஸ் தொடங்கிய நாள், மொத்த ஆண்டு, பதிந்த பெயர் மூன்றும் இருக்கும். ஊருக்குத் திரும்பி வாழ எண்ணுபவர்கள் அதே பதிவேட்டில் தங்கள் ஊர் முகவரியையும் மின்னஞ்சலையும் சேர்த்துவிடலாம். மூன்று முகவரிகள்வரை இடம் உண்டு. சட்டரீதியான கடிதம் வெம்பிளியில் பூட்டிய வீட்டின் கதவடியில் கிடந்து, நீங்கள் பருத்தித்துறையில் இருந்து அதை அறியாமல் போவதற்கு இது ஓரளவு தடை. இடப்பெயர்வு முழுவதும் காணி உறுதியை பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு நடந்த சனம் நாம். லண்டன் லீஸ் பத்திரத்தை எந்த லாச்சிக்குள் வைத்தோம் என்று நம்மில் பலருக்குத் தெரியாது.

ஹரோக்காரர் செப்டம்பரில் அறிவித்தல் கொடுத்தார். மதிப்பீட்டாளர் சொன்ன தொகையில் ஒரு பகுதியை மகள் தருகிறார், மற்றதற்குச் சீட்டு ஒன்றை எடுத்திருக்கிறார். நில உரிமையாளரின் பதில் நவம்பரில் வந்தது, அவர் சொன்னதைவிடப் பதினோராயிரம் பவுண் கூட. தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் மே மாதத்தில். அந்தத் தேதியைத் தொலைபேசியிலும், சமையலறைச் சுவரில் தொங்கும் கோயில் நாட்காட்டியிலும் குறித்து வைத்திருப்பதாகச் சொன்னார். நாட்காட்டி 2025க்கு உரியது, புதிதை வாங்கியதும் முதல் வேலையாக மே மாதத் தாளைப் புரட்டிக் குறிப்பாராம்.